புகையாத தூள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் தூள் புகையாது. பற்றவைத்தால் வெள்ளையாக ஒரு வெளிச்சம், இரண்டு நொடியில் அடங்கிவிடும். சாம்பல் பறக்காது, வாடை வராது, வெடிக்காது. ஆனால் அந்த இரண்டு நொடிக்குள் அதன் நடுவே வைத்த அலுமினியத் துண்டு உருகி, கொதித்து, ஆவியாகிப் போயிருக்கும். இருபத்தாறு வருடம் வேறு நினைப்பே இல்லாமல் செய்த தூள் அது. அதைப் பற்றிப் பெருமை பேசாமல் வேறு எதைப் பேசுவேன்? எனக்கு அடக்கம் அதிகம் என்று எங்கள் ஊர் அல்மாட்டியில் யாரும் குற்றம் சொன்னதில்லை.

என் பெயர் உல்போசின். 'ஆண்பிள்ளை பிறக்கட்டும்' என்று அர்த்தம். நான்காவதும் பெண்ணாகப் போன கடுப்பில் அப்பா வைத்த பெயர். அடுத்ததும் பெண்தான் பிறந்தது. எரிதலைப் படிக்கிற ஆய்வுக்கூடத்தில் நான் சேர்ந்தபோது, "பொம்பளைக்கு நெருப்புன்னா அடுப்போட சரி" என்று சொன்னவர்களை எல்லாம் பெயர் பெயராக ஞாபகம் வைத்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டுப் பஜாரில் கடை போட்டுவிட்டார்கள். நான் அங்கேயே இருந்தேன்.

தொண்ணூற்றாறு அக்டோபரில் மலை மேலிருக்கும் வானாய்வு நிலையத்தின் தலைவர் எசென்கெல்தி எங்களைத் தேடி வந்தார். அறுபது வயது, நெட்டை உருவம், தலையில் நரித்தோல் தொப்பி. எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தைத் தோல் சட்டை வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்தச் சட்டை மூட்டைகளைத் தாண்டி, மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, தொப்பியைக் கழற்றாமலேயே கேட்டார்.

"தூள்காரம்மா நீங்கதானா?"

"உல்போசின். மொதல்ல உக்காருங்க அகாய்." எங்களில் வயதில் மூத்த ஆண்களை அப்படித்தான் அழைப்போம். கோபம் வந்தாலும் அப்படித்தான் அழைக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

உட்கார்ந்தார். "எங்க தொலைநோக்கியோட பெரிய கண்ணாடி கறுத்துப் போச்சு. ஒரு மீட்டர் அகலம். மேல பூசின அலுமினியம் பத்து வருஷத்துப் பூச்சு, உரிஞ்சு கெடக்கு. வசந்தத்துல வால்நட்சத்திரம் வருது. உலகமே பாக்கப் போவுது, நாங்க மட்டும் குருடனாட்டம் உக்காந்திருக்கணும்."

"மேலயே பூசற தொட்டி இருக்குதே?"

"தொட்டி இருக்கு. அலுமினியத்தை ஆவியாக்கற அளவுக்கு கரண்ட் இல்ல. ரெண்டு கிலோமீட்டர் செம்புக் கம்பியை எவனோ அறுத்து வித்துட்டான். டீசல் மெஷின் இருக்கு, அது காத்து உறிஞ்சற பம்பை ஓட்டும், கூட ஒரு பல்பு எரியும். அவ்வளவுதான்."

"வெளிநாட்டுக்கு அனுப்பிப் பூசிட்டு வாங்களேன்."

அவர் முகம் மாறிவிட்டது. "அப்படித்தான் மேலிடத்துல சொல்றாங்க. பேப்பர் கூட போட்டாச்சு, என் பையிலதான் இருக்கு. ஆனா இப்ப எல்லை தாண்டற லாரியே முழுசா திரும்பி வர்றதில்ல. என் கண்ணாடி வருமா? இருபது வருஷம் முன்னாடி அந்த மலை ரோட்டுல அதைக் கம்பளி சுத்தி நான்தான் மேல கொண்டு போனேன், பொண்ணு அழைச்சுட்டுப் போற மாதிரி. கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டா, அதோட முடிஞ்சது."

அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கரண்ட் வேண்டாத சூடு என்னிடம் இருக்கிறது. கைப்பிடி அளவு தூளை வளையமாக அழுத்தி, நடுவில் சின்னக் கிண்ணத்தில் அலுமினியத்தை வைத்து, கார் பேட்டரியால் ஒரு கம்பியைச் சிவக்க வைத்தால் போதும். காற்று இல்லாத தொட்டிக்குள் அலுமினிய ஆவி நேராக மேலே போய்க் கண்ணாடியில் படியும்.

"இன்னொண்ணும் கேட்டுக்குங்க" என்றார். "பூச்சு சரியில்லன்னா கழுவிட்டுத் திரும்பப் பூசலாம். ஆனா உங்க தூள்லேர்ந்து ஒரு பொறி தெறிச்சு கண்ணாடியில குழி விழுந்துச்சுன்னா, அதோட போச்சு. அதைத் தேய்ச்சு வழவழப்பாக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு. தேய்ச்ச ஆளும் இப்ப உயிரோட இல்ல. அதனால மொதல்ல இங்கேயே, என் கண்ணு முன்னாடி, ஒரு சின்னக் கண்ணாடியில பூசிக் காட்டுங்க. ஒரு புள்ளி தெரிஞ்சாலும் பெரிய கண்ணாடியை சனிக்கிழமை லாரியில ஏத்திடுவேன்."

"என் தூள் புகையாது, தெறிக்காது. லாரிக்காரனை இப்பவே வேற வேலை பாத்துக்கச் சொல்லுங்க."

சொன்னது நான்தான். இப்போதும் அந்த வாக்கியத்தை நினைத்தால் காது சூடாகிறது.

அன்றே தூள் அரைக்க உட்கார்ந்தேன். இரும்புக் குடுவையில் இரண்டு வகை உலோகத் தூளையும் இரும்பு உருண்டைகளையும் போட்டு, காற்றுப் பட்டுத் தீப்பிடிக்காமல் இருக்க ஸ்பிரிட் என்கிற சுத்தச் சாராயத்தை ஊற்றிச் சுழலவிடுவோம். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ரபீகா ஸ்பிரிட் புட்டியைக் கொண்டு வந்தாள். மூடியில் மெழுகு முத்திரை அப்படியே இருந்தது. ரபீகாவுக்குச் சொந்தப் பிள்ளைகளைவிட அந்த முத்திரை முக்கியம்.

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஸ்பிரிட் வந்ததும் ஒரு கரண்டியில் கொஞ்சம் ஊற்றிக் கொளுத்திப் பார்ப்போம். சுத்தமான சரக்கு என்றால் எரிந்து கரண்டி காய்ந்துவிடும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் ஈரம் நிற்கும். ஸ்பிரிட் இருக்கிற எந்த ஆய்வுக்கூடத்திலும் அந்த நாளில் இப்படி ஒரு கரண்டி ஆணியில் தொங்கும். ஏன் என்று கேட்பவர் எங்கள் ஊரில் வேலை பார்த்தவராக இருக்க முடியாது.

அன்றைக்குக் கரண்டியை எடுக்கக் கை நீட்டினேன். பின்னால் எசென்கெல்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையை மடக்கிக்கொண்டேன். எங்கள் கூடத்தில் திருட்டுக் குடிகாரர்கள் இருக்கிறார்கள் என்று விருந்தாளி முன்னாலேயே காட்டிக்கொடுக்கவா? முத்திரைதான் இருக்கிறதே என்று அப்படியே ஊற்றிவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் சோதனை. எங்கள் கூடத்தின் சின்னத் தொட்டியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுப்பது புரோஹரின் வேலை. இருபது வருடமாக என்னோடு இருக்கிற ரஷ்யன், என் வயதுக்காரன். அவன் கை பட்டால் ஓட்டைத் தொட்டிகூட ஒழுங்காக இருக்கும். அன்று என்னவோ முகத்தைப் பார்க்காமலேயே பேசினான்.

"காத்து சுத்தமா எடுத்தாச்சு, உல்போசின் கரீமொவ்னா." ரஷ்ய வழக்கப்படி அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாகத்தான் கூப்பிடுவான்.

"என்னடா, செத்த வீட்டுக்கு வந்த மாதிரி சொல்றே?"

விசையை அழுத்தினேன். பார்க்கும் துளையில் வெள்ளை வெளிச்சம் வந்தது. கூடவே தொட்டிக்குள் படபடவென்று ஒரு சத்தம், சட்டியில் சோளம் பொரிவது போல. அளவு காட்டும் முள் எகிறிக் குதித்தது.

திறந்து எடுத்தபோது அந்தச் சின்னக் கண்ணாடி அம்மை போட்ட முகமாக இருந்தது. எசென்கெல்தி அதை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"புகையாத தூளுன்னீங்க. அது இருமுது."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. அலுத்துப்போன மனிதராகக் கதவை நோக்கி நடந்தார். இருபத்தாறு வருடமும் அவர் பின்னாலேயே வாசலைத் தாண்டிப் போகிற மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் மூளை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. முள் ஏன் குதித்தது? உள்ளே காற்று வந்திருக்கிறது. எங்கிருந்து? தூளிலிருந்து. என் தூளுக்குள் காற்று பிடிக்க ஒரே வழி, அரைக்கும்போது தண்ணீர் பட்டிருக்க வேண்டும். பச்சையாக உடைந்த உலோகத் தூள் தண்ணீரை விடாது, பிடித்துக்கொண்டு பிறகு சூட்டில் கக்கும். தண்ணீர் எங்கிருந்து வந்தது?

புட்டியைப் பார்த்தேன். கரண்டியைப் பார்த்தேன்.

"அகாய்! ரொட்டி வாயில வெச்சுட்டுப் போங்க!"

எங்கள் ஊரில் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. விரோதியானாலும், ரயிலுக்கு ஓடுகிறவனானாலும், விரித்த ரொட்டியில் ஒரு துணுக்காவது வாயில் போடாமல் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டான். எசென்கெல்தி பெருமூச்சு விட்டுத் திரும்பி வந்தார். நின்றபடியே ஒரு துண்டு கிள்ளினார்.

"உக்காந்துதான் சாப்பிடணும். ரபீகா, டீ ஊத்து. பால் நெறைய."

"பச்ச மொளகாயக் கடிச்ச மாதிரி இருக்காரு மனுஷன், பால் ஊத்தினா மட்டும் சரியாயிடுமா?" என்று முணுமுணுத்தபடி ரபீகா ஊற்றினாள்.

பொரித்த மாவு உருண்டைகளுக்கும் உலர்ந்த தயிர்க்கட்டிக்கும் நடுவே நான் கரண்டியை வைத்தேன். புட்டியில் மீதியிருந்ததை அதில் ஊற்றிக் கொளுத்தினேன். நீலமாக எரிந்தது. அணைந்தது. கரண்டியை எல்லோர் கண்ணெதிரிலும் சாய்த்தேன். தண்ணீர் வழிந்து விரிப்பில் விழுந்தது, கிட்டத்தட்டப் பாதிக் கரண்டி.

புரோஹரின் காது மட்டும் பீட்ரூட்டாகச் சிவந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. சொல்ல நாக்கு துடித்தது. "இதோ இவன்தான்" என்று கை நீட்டியிருந்தால் என் பெயர் அந்த நொடியே சுத்தமாகியிருக்கும். ஆனால் ஆணியில் தொங்கிய கரண்டியை எடுக்காமல் விட்டது அவன் இல்லையே.

"தப்பு என்னோடது" என்றேன். "ஊத்தறதுக்கு முன்னாடி கொளுத்திப் பாக்கணும். எப்பவும் பாப்பேன். அன்னிக்கு நீங்க பின்னாடி நின்னீங்க. எங்க ஆளுங்க குடிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு வீம்பு. தூள் மேல தப்பில்ல. என் வீம்புதான் இருமிச்சு."

புரோஹர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"அவங்க சொல்றதைக் கேக்காதீங்க. குடிச்சது நான். தண்ணி ஊத்தினதும் நான். மக குடும்பத்தோட ஊரை விட்டே போனா, ரயில் ஏத்திட்டு வந்து... அன்னிக்கு எனக்கு ஒண்ணும் புரியல. மெழுகை உருக்கித் திரும்ப ஒட்டினேன்."

"அடப்பாவி!" ரபீகா கெட்டிலைத் தொப்பென்று வைத்தாள். "என் முத்திரையவா? என் கையெழுத்து மாதிரியே ஒட்டினியா?"

"உங்களுதைவிட நல்லா வந்துச்சு" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எசென்கெல்தி சிரிக்கவில்லை. "எவ்வளவு குடிச்சே?" என்றார்.

"பாதிப் புட்டி, கொஞ்சம் குறையா."

அவர் எழுந்து போய்க் கவிழ்த்து வைத்த கண்ணாடியைத் திரும்ப எடுத்தார். ஜன்னல் பக்கம் போய் நின்று, புள்ளிகளுக்கு நடுவே இருந்த இடத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடி அவருடைய தொழில். நான் புள்ளிகளை மட்டும் பார்த்து நொந்துபோயிருந்தேன். அவர் புள்ளி இல்லாத இடத்தைப் பார்த்தார்.

"பாதித் தண்ணி குடிச்ச தூளா இவ்வளவு வெளிச்சமா பூசியிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, என்கிட்ட கண்ணாடி தொடைக்க வெச்ச ஸ்பிரிட் இருக்கு. மூணு வருஷமா யாரும் தொட்டதில்ல."

"மலையில யாருமே குடிக்கிறதில்லையா?"

"சாவி என் கழுத்துல."

தங்கச்சி என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். மற்றவர்களும் கவனித்தார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் டீயை எடுத்தேன்.

சனிக்கிழமை லாரி வந்தது. காலியாகத் திரும்பியது. அதற்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டாவது சின்னக் கண்ணாடியில் பூசிக் காட்டியிருந்தேன். அதில் ஒரு புள்ளி இல்லை. ஆனால் சின்னக் கண்ணாடிக்கு ஒரு வளையம் போதும். பெரியதற்கு இருபத்து நான்கு வேண்டும். இருபத்து மூன்று ஒழுங்காக எரிந்து ஒன்று மட்டும் தெறித்தாலும், இருபது வருடம் காப்பாற்றிய கண்ணாடி அன்றோடு சரி. மூன்று வாரம் அரைத்தேன். ஒவ்வொரு முறையும் கரண்டியைக் கொளுத்தினேன். ஒவ்வொரு வளையத்தையும் காற்றில்லாத அடுப்பில் காயவைத்து, எடை பார்த்து, துணியில் சுற்றிவைத்தேன். பேறுகாலத்தில்கூட என் உடம்பை நான் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

நவம்பர் நடுவில் மலை ஏறினோம். பனி விழுந்து வெயில் அடித்த நாள், கண்ணைத் திறக்க முடியவில்லை. பழைய பூச்சைக் கழுவியிருந்த பெரிய கண்ணாடியைத் தொட்டியின் மேல்பக்கம் முகம் கீழாகத் தொங்கவிட்டார்கள். கீழே வட்டமாக என் இருபத்து நான்கு கிண்ணங்கள். புரோஹர் விடிந்ததிலிருந்து பம்பை ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு மாதமாக அவன் ஒரு சொட்டும் தொடவில்லை. டீக் கோப்பை பிடித்தால் கை ஆடியது, வால்வைப் பிடித்தால் ஆடவில்லை.

"இதுக்கு மேல உறிஞ்சினா தொட்டியே உள்ள வந்துடும்" என்றான். "போதும், அழுத்துங்க."

எசென்கெல்தி பார்க்க முடியாமல் வெளியே போய்ப் பனியில் நின்றுவிட்டார். ஜன்னல் வழியே அவர் முதுகு தெரிந்தது. தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். நான் பயந்தேன். பயப்படவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் சுத்தமாக இருந்த பேட்டரி முனையை மூன்று தடவை துடைத்தேன். என்னை நம்பி ஒரு மனிதர் லாரியைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

அழுத்தினேன்.

துளையின் வழியே பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வட்டம் முழுக்க வெள்ளையாகப் பற்றிக்கொண்டே போனது. ஒவ்வொன்றுக்கும் பேட்டரி ஒயரை மாற்றி மாற்றி வைத்தேன். நான் காதைத் தீட்டிக் கேட்டேன். சோளப்பொரிச் சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. இருபத்து நான்காவதும் எரிந்து அடங்கியது. முள் லேசாக அசைந்து, பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது.

"முள்ளு தூங்குது, உல்போசின் கரீமொவ்னா" என்றான் புரோஹர். அவன் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான், எதற்கு மறைக்க வேண்டும்.

மெதுவாகக் காற்றை உள்ளே விட்டு, கண்ணாடியை இறக்கித் திருப்பித் தள்ளுவண்டியில் வைத்து, யாரும் பார்க்கும் முன் அதன் சட்டத்தின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தினோம். எசென்கெல்தி உள்ளே ஓடி வந்தார். துணியில் கை வைக்கப் போனார். இறைச்சிப் பானையோடு எங்களுடன் வண்டியேறி வந்திருந்த ரபீகா குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

"கையை எடுங்க. புதுப் பொண்ணு மொகத்தைச் சும்மா பாத்துடுவீங்களா? மொதல்ல குடுக்கறதைக் குடுங்க."

எங்கள் வழக்கம் அது. மணப்பெண்ணின் முகத்திரை விலகும்போது முதல்முதலாகப் பார்க்கிறவர்கள் வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. ரபீகா விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் புரோஹர் கோட்டுப் பைக்குள் கை விட்டு ஒரு தட்டைப் புட்டியை எடுத்தான். நிறைய ஸ்பிரிட், மெழுகு முத்திரையோடு.

"தண்ணி கலந்த மிச்சத்தைக் காய்ச்சி வடிச்சேன். நான் கெடுத்ததைத் திருப்பித் தரேன். சுத்தம். வேணும்னா கரண்டி கொண்டாங்க."

கொண்டு போயிருந்தேன். பையிலிருந்து கரண்டியை எடுத்து, அன்று விருந்தாளியாக வந்த அதே நிலையத் தலைவர் முன்னாலேயே ஊற்றிக் கொளுத்தினேன். எரிந்து முடிந்ததும் கரண்டியைக் கவிழ்த்துக் காட்டினேன். காய்ந்திருந்தது.

"உன் முத்திரை இப்பவும் என்னுதைவிட நல்லாத்தான் இருக்கு" என்றாள் ரபீகா, கோபமாக.

எசென்கெல்தி சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். கண்ணாடியை எல்லை தாண்டி அனுப்ப அவர் வாங்கி வைத்திருந்த அனுமதித் தாள், மூன்று முத்திரை குத்தியது. அதை என் கையில் வைத்து மூடினார்.

"பொண்ணு எங்கேயும் போகல. வீட்டோடயே இருக்கா" என்றார். "திரையை நீங்க எடுங்க, தங்கச்சி."

"அதை வழக்கமா ஆம்பளப் பசங்கதானே செய்வாங்க, பாட்டுப் பாடிகிட்டு?"

"பாட்டை விடுங்க. உங்களைத் தவிர வேற யாரு எடுத்தாலும் நான் விட மாட்டேன். மேல மட்டும் மூச்சு விட்டுடாதீங்க."

தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, துணியை ஓரத்திலிருந்து விலக்கினேன்.

ஒரு புள்ளி இல்லை. கூரை, ஜன்னல், வெளியே பனி, எல்லாம் அதற்குள் இருந்தன. நடுவில் நான் இருந்தேன். உட்குழிந்த கண்ணாடி ஆகையால் என் முகம் நிஜத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக, மூக்கோரத்து மருவோடு, நிறைந்து நின்றது. அழுது சிவந்த கண்ணைக்கூட அது விடவில்லை. நகர மனம் வராமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எசென்கெல்தி பின்னால் வந்து நின்று சிரித்தார். "கிட்ட நின்னா யாரா இருந்தாலும் பெருசாத்தான் தெரிவாங்க, தங்கச்சி. அது கண்ணாடியோட வளைவு."

வாயைப் பொத்திய கையை எடுக்காமலே சொன்னேன்.

"வளைவெல்லாம் ஒண்ணுமில்ல அகாய். இருக்கற அளவைத்தான் காட்டுது."